வாட்ஸ்அப்பில் வரும் விசைப்படகு வீடியோ: வெளியூரில் பழைய ஆழ்கடல் படகு வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

"இன்ஜின் சூப்பர் கண்டிஷன், பேப்பர் எல்லாம் பக்கா, வந்தா எடுத்துட்டுப் போயிடலாம்." பழைய விசைப்படகு விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களில் இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கும். கூடவே, புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் ஒரு படகு. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது அந்தப் பெயின்டுக்கு அல்ல. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகத்துக்கும், இன்ஜினுக்கும், ஆவணங்களுக்கும்தான். இந்த மூன்றுமே வீடியோவில் தெரியாது.

தமிழக மீனவர்கள் கொச்சி, முனம்பம், கொல்லம் நீண்டகரை போன்ற கேரளத் துறைமுகங்களில் பழைய படகு தேடுவது புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்கள் பல ஆண்டுகளாகவே கொச்சியை மையமாக வைத்து ஆழ்கடலில் தொழில் செய்கிறார்கள்.

பழைய படகை ஏன் தேடுகிறார்கள்? விலைதான் காரணம். பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு புதிய ஆழ்கடல் படகுக்குக் கணக்கிடப்பட்ட விலையே 1.20 கோடி ரூபாய். அவ்வளவு பணம் புரட்ட முடியாதவர்களுக்குப் பழைய படகுதான் வழி. பெரும்பாலும் அந்தப் பணம் நகை அடகும், வட்டிக் கடனும், பங்காளிகளின் சேமிப்பும் சேர்ந்தது. அதனால் தப்பான படகை வாங்கினால் பல குடும்பங்கள் சேர்ந்து கடனில் விழும்.

படகு யாருடையது?

முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். இந்திய மீன்பிடிப் படகுகளின் பதிவு எண் 'ஐஎன்டி' என்று தொடங்கும். அடுத்து 'டிஎன்', 'கேஎல்' என மாநிலக் குறியீடு வரும். விசைப்படகு என்றால் 'எம்எம்' என்ற எழுத்துகளும் இருக்கும். படகில் எழுதியிருக்கும் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா, நீளமும் இன்ஜின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவு, உரிமம் எல்லாம் இப்போது மத்திய அரசின் 'ரியல்கிராஃப்ட்' இணையதளம் வழியாக நடக்கிறது. அதனால் விற்பவர் அனுப்பும் போட்டோ காப்பியை மட்டும் நம்பாமல், அந்த ஊர் மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரிலேயே விசாரிக்கலாம்.

ஆழ்கடல் படகுகள் பல, பங்குதாரர்கள் சேர்ந்து வாங்கியவை. சான்றிதழில் ஒருவர் பெயர்தான் இருக்கும், பணம் போட்டவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். அத்தனை பேரும் கையெழுத்துப் போடாமல் விற்பனை ஒப்பந்தம் செய்தால் பின்னால் வழக்குதான்.

வங்கிக் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்று வேண்டும். அரசு மானியத்தில் கட்டிய படகு என்றால், இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். அதையும் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பேப்பரில் வராத கடன்

இன்னொரு கடன் எந்த அலுவலகத்திலும் பதிவாகாது. மீன் ஏலம் எடுக்கும் தரகரிடம் படகு உரிமையாளர் முன்பணம் வாங்கியிருப்பார். அதற்குப் பதிலாக, பிடிக்கும் மீனை அந்தத் தரகர் மூலமாகத்தான் விற்க வேண்டும் என்பது வாய்மொழி ஏற்பாடு. டீசல் பங்க், ஐஸ் பிளான்ட், வலைக்கடை பாக்கிகள் தனி.

முழுப் பணமும் கட்டிவிட்டுப் படகை எடுக்கப் போகும் நாளில், "எங்க காசுக்கு வழி சொல்லிட்டு எடுங்க" என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். இதைத் தவிர்க்க, அந்தத் துறைமுகத்தின் படகு உரிமையாளர் சங்கத்திலும் ஏலக்கூடத்திலும் முன்பே விசாரியுங்கள். பாக்கி எதுவும் இல்லை, இருந்தால் விற்பவரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அங்கே சரி, இங்கே சட்டவிரோதம்!

பலர் கோட்டை விடுவது இங்கேதான். மாநிலத்துக்கு மாநிலம் மீன்பிடிச் சட்டம் வேறு.

சுருக்குமடி வலைப் படகை எடுத்துக்கொள்வோம். கேரளா, கர்நாடகாவில் அந்தப் படகுகள் தொழில் செய்கின்றன. தமிழகக் கடல் எல்லைக்குள் அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவுப்படி, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, நிபந்தனைகளோடுதான் அனுமதி. வாரம் முழுக்கத் தொழில் நடக்கும் என்று கணக்குப் போட்டு வாங்கினால் வட்டிக்கே வருமானம் போதாது.

இன்ஜினும் அப்படித்தான். தமிழக விதிகளின்படி 240 குதிரைத் திறனுக்கு மேல் இன்ஜின் இருக்கக் கூடாது. சான்றிதழில் சின்ன இன்ஜின், படகுக்குள் அதிகத் திறன் கொண்ட இன்ஜின் என்று இருந்தால், இங்கே பதிவு மாற்றும்போது சிக்கிக்கொள்வீர்கள்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் மாவட்ட மீன்வளத்துறையிடம், "இந்த அளவு, இந்த இன்ஜின், இந்த வலை, இங்கே பதிவாகுமா?" என்று கேட்டுவிடுங்கள். அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கிய பிறகுதான் இங்கே புதுப் பதிவு. 2025 நவம்பரில் வந்த புதிய மத்திய விதிகளின்படி, 12 கடல் மைலுக்கு அப்பால் மீன் பிடிக்க விசைப்படகுகளுக்கு அனுமதிச் சீட்டும் வேண்டும். அதுவும் ரியல்கிராஃப்ட் வழியாகத்தான்.

பெயின்டுக்குக் கீழே என்ன இருக்கிறது?

படகை மேடையில் ஏற்றி, அடிப்பாகத்தைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

இரும்புப் படகு: உப்புத் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் தேங்கும் மீன் அறையின் அடிப்பகுதி, இன்ஜின் அறையின் மூலைகள்தான் முதலில் துருப்பிடித்து மெலியும். பெயின்ட் அதை மறைத்துவிடும். மீயொலிக் கருவி வைத்துத் தகட்டின் தடிமனை அளக்க முடியும். கப்பல் சர்வேயர்கள் இதைச் செய்து அறிக்கை தருவார்கள்.

மரப் படகு: மரத்தைத் துளைக்கும் கடல்புழுதான் பெரிய எதிரி. வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே மரம் தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும். அனுபவமுள்ள படகு மேஸ்திரி குத்திப் பார்த்தே சொல்லிவிடுவார்.

பைபர் படகு: சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால், அடுக்குகள் பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக மாறும்.

மீன் அறையின் சுவருக்குள் இருக்கும் குளிர்காப்பு நுரையையும் கவனிக்க வேண்டும். அதில் தண்ணீர் ஊறிவிட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும், படகின் எடையும் கூடும். பல நாள் தங்கல் தொழிலில் ஐஸ் நிற்கவில்லை என்றால் பிடித்த மீன் வீண்.

கேரளாவில் இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடைக்காலம். பராமரிப்புக்காகப் படகுகள் மேடை ஏறும் காலம் அது. அடிப்பாகத்தைப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. புதுப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

இன்ஜினை எப்படிச் சோதிப்பது?

"நான் வர்றதுக்கு முன்னாடி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூடான இன்ஜின் எப்படியும் ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்த நிலையில் எடுத்தால்தான் உண்மை தெரியும்.

தொடர்ந்து நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. விடாமல் கரும்புகை கக்கினால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது இன்ஜின் மேல் சுமை அதிகம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. பிறகு ஒரு மணி நேரமாவது முழு வேகத்தில் ஓட்டி, வெப்பமும் ஆயில் அழுத்தமும் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நேரில் போக முடியவில்லை என்றால், பதிவு செய்த வீடியோவை ஏற்காதீர்கள். நேரலை வீடியோ காலில் இன்ஜின் எண்ணையும் இன்ஜின் அறையின் அடித்தளத்தையும் காட்டச் சொல்லுங்கள். ஆனால் அது முதல் வடிகட்டல் மட்டுமே. முடிவுக்கு, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சர்வேயரோ மெக்கானிக்கோ நேரில் போக வேண்டும்.

பணம் கொடுப்பது எப்படி?

"வேற பார்ட்டி ரெடியா இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க" என்று அவசரப்படுத்தினால் உஷார். ஒரே படகின் படத்தை வேறு வேறு எண்களில் போட்டு ஏமாற்றவும் வாய்ப்பு உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். சிறிய முன்பணம் முதலில். சோதனை ஓட்டமும் தடையில்லாச் சான்றும் முடிந்ததும் பெரும்பகுதி. கடைசித் தொகை பெயர் மாற்றத்தின்போது. சோதனையில் படகு தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஊருக்குக் கொண்டு வரும் பயணம்

கொச்சியில் வாங்கிய படகு நாகை, கடலூர், சென்னை போக வேண்டும் என்றால், குமரி முனையைச் சுற்றி வந்து பாம்பனைக் கடக்க வேண்டும். தூக்குப் பாலம் திறக்கும் நேரத்துக்கு அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலங்கையைச் சுற்றித்தான் வர வேண்டும். பழக்கமில்லாத படகில் இதுதான் முதல் நீண்ட ஓட்டம் என்பதால், லைஃப் ஜாக்கெட், விஎச்எஃப் கருவி, செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இல்லாமல் கிளம்பக் கூடாது. டிரான்ஸ்பாண்டர் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், ஆபத்து நேரத்தில் தகவல் வேறு வீட்டுக்குப் போகும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது, ஆழ்கடலில் இருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேரவே இல்லை. அதன் விலை என்னவென்று குமரிக் கடற்கரை கிராமங்களுக்குத் தெரியும்.

சர்வேயர் கட்டணமும் இரண்டு முறை போய்வரும் செலவும் முதலில் வீண் செலவாகத்தான் தோன்றும். படகின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பினாலும் நஷ்டம் அந்தக் கட்டணத்தோடு நிற்கும். பார்க்காமல் வாங்கிய படகு நடுக்கடலில் நின்றால், அதிலிருக்கும் அத்தனை பேருக்கும் அது உயிர்ப் பிரச்சினை.