கசாப்புக் கடை வாசலில் போலந்து

1980 ஆகஸ்டில், கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் எண் வாசலில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் இரண்டு ஒட்டுப்பலகைகளைத் தொங்கவிட்டார்கள். அவற்றில் இருபத்தொரு கோரிக்கைகள். முதலாவது, கட்சியின் பிடியில் இல்லாத சுதந்திரத் தொழிற்சங்கம். இரண்டாவது, வேலைநிறுத்தம் செய்யும் உரிமை. மூன்றாவது, பேச்சுரிமை, எழுத்துரிமை. வேலைநிறுத்தத் தலைவர் லெக் வலேசாவையும் அதிலிருந்து பிறந்த சாலிடாரிட்டித் தொழிற்சங்கத்தையும் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பலகையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் பதின்மூன்றாவது கோரிக்கை வரும்: சந்தை சீராகும்வரை இறைச்சிக்கு ரேஷன் அட்டை கொடுங்கள்.

ரேஷன் என்பது போரும் பஞ்சமும் கொண்டுவரும் விஷயம். ஓர் அரசையே ஆட்டம் காணவைத்தவர்கள் அதை வாய்விட்டுக் கேட்டது விசித்திரம்தான். ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் போலந்தில் பன்றிக்கறி விலை பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால், அந்த இருபத்தொன்றில் இதைவிட நியாயமானது இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர் ரேஷன் கடையை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கக் கூடாது. நமக்கு ரேஷன் அரிசி பிடிக்காவிட்டால் பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் காசு கொடுத்து வேறு அரிசி வாங்கிக்கொள்ளலாம். அன்றைய போலந்தில் அந்தப் பக்கத்துத் தெருக் கடையும் பெரும்பாலும் அரசுடையது அல்லது அரசு சொன்னபடி கேட்கும் கூட்டுறவுச் சங்கத்துடையது. விலையை வார்சாவில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நிலம் மட்டும் விதிவிலக்கு. 1956-க்குப் பிறகு கூட்டுப் பண்ணைத் திட்டத்தைக் கைவிட்டதால், விளைநிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிறு விவசாயிகள் கையிலேயே இருந்தது. பன்றியை வளர்த்தவர் தனியார், கறியை விற்றது அரசு. விவசாயிக்குக் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போக, கடையில் விற்கும் விலையை ஏற்ற முடியாமல் நடுவில் விழுந்த பள்ளத்தைக் கஜானா நிரப்பியது.

ஏன் ஏற்ற முடியவில்லை? ஏற்றிப் பார்த்தார்கள். 1970 டிசம்பர் 12 அன்று, கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்னிரண்டே நாள் இருக்கையில், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கோமுல்காவின் அரசு உணவுப் பொருள்களின் விலையை உயர்த்தியது. வீட்டில் ஆண்டிலேயே அதிகம் செலவாகும் நேரம் பார்த்து! கதான்ஸ்க், கிதினியா, ஷ்செட்சின் என்று பால்டிக் கடற்கரை நகரங்கள் தெருவில் இறங்கின. ராணுவமும் போலீசும் சுட்டதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கோமுல்கா பதவி இழந்தார். புதிதாக வந்த எட்வர்ட் கியரெக், ஜனவரியில் கதான்ஸ்க் தொழிலாளர்களை நேரில் சந்தித்து ஆதரவு கேட்டு வாங்கிவிட்டார். ஆனால் ஏற்றிய விலை ஏற்றியபடியே நின்றது.

அதை இறக்க வைத்தவர்கள் வூச் நகரத்துப் பெண்கள். நாட்டின் நடுவே இருக்கும் இந்த நெசவாலை நகரத்தில் தறிகளுக்கு முன்னால் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சம்பளம் குறைவு, ஷிப்டு நீளம், வேலை முடிந்து வெளியே வந்தால் கடையில் வரிசை. 1971 பிப்ரவரியில் ஆலை ஆலையாக வேலையை நிறுத்தினார்கள். பிரதமர் யாரோஷெவிச்சே வூச்சுக்கு வந்தார். கதான்ஸ்க் ஆண்களிடம் கியரெக்குக்குக் கிடைத்த கைத்தட்டல் இவருக்கு இங்கே கிடைக்கவில்லை. மறுநாளே விலை உயர்வு ரத்து என்று அறிவிப்பு வந்தது. கடற்கரை நகரங்களில் சுடப்பட்டவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, பாடல் இருக்கிறது, திரைப்படம் இருக்கிறது. விலையைக் குறைக்க வைத்த வூச் பெண்களுக்கு அந்த அளவு இடம் வரலாற்றில் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

கியரெக் இதில் ஒரு பாடம் கற்றார், அது தவறான பாடம். கறி மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்கள் என்று நம்பினார். மேற்கு நாடுகளில் கடன் வாங்கித் தொழிற்சாலை கட்டினார், சம்பளத்தை உயர்த்தினார். 1970-ல் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 50 கிலோவாக இருந்த இறைச்சி நுகர்வு 1980-ல் 70 கிலோவைத் தாண்டியது. வெளிநாட்டுக் கடன் 2,000 கோடி டாலரைத் தாண்டியது. ஆக, கடைகள் காலியாகத் தொடங்கியபோது போலந்துக்காரர்கள் முன்னைவிட அதிகமாகத்தான் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் காசு, விலையோ பழைய விலை, சரக்கு இரண்டுக்கும் ஈடுகொடுக்கவில்லை.

ஞாயிறு மதியம் அடித்து மெலிதாக்கி, முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டிப் பொரித்த பன்றிக்கறி, பக்கத்தில் உருளைக்கிழங்கு, வதக்கிய முட்டைக்கோஸ். கிராமத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைக்கு வந்த முதல் தலைமுறைக்கு, நாம் மேலே வந்துவிட்டோம் என்பதற்கு இந்தத் தட்டுதான் சாட்சி. அதில் கைவைத்தால் என்ன ஆகும் என்று 1976 ஜூனில் மறுபடி தெரிந்தது. இறைச்சி விலையைச் சராசரியாக 69 சதவீதம் உயர்த்தப் போவதாக அறிவித்த மறுநாளே ராதோம், உர்சுஸ், பிளோட்ஸ்க் நகரங்களில் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ராதோமில் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த கூட்டம், வெளியே கிடைக்காத பன்றித்தொடைக்கறி உள்ளே கேன்டீனில் இருப்பதைக் கண்டது. அது ஜன்னல் வழியே தெருவுக்குப் பறந்தது. பிறகு கட்டடம் எரிந்தது. அன்று இரவே அரசு பின்வாங்கியது. ஆகஸ்டில் சர்க்கரைக்கு மட்டும் கூப்பன் வந்தது. கூடவே, அதிக விலைக்கு நல்ல கறி விற்கும் தனிக் கடைகளும் வந்தன. விலையை ஏற்ற முடியாத அரசு, கறியையே ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு நகர்த்தியது.

1980 ஜூலையிலும் அதே உத்திதான். லூப்லினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஷ்வித்னிக் ஹெலிகாப்டர் தொழிற்சாலையின் கேன்டீனில், முதல்நாள்வரை 10.20 ஸ்லாட்டிக்கு விற்ற பொரித்த பன்றிக்கறி 18.10 ஆனது. ஜூலை 8 அன்று அங்கே இயந்திரங்கள் நின்றன. அந்தத் தீ ஆறே வாரத்தில் கதான்ஸ்கை எட்டியது. ஆகஸ்ட் 31 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இப்போது அந்தப் பதின்மூன்றாவது வரியைப் பாருங்கள். கடைக்காரருக்கு வேண்டியவர், கட்சிக்காரர், டாலர் வைத்திருப்பவர் எல்லோருக்கும் கறி கிடைக்கிறது, எனக்கும் என் பங்கை எழுதிக் கொடு என்கிறது அது. டாலருக்கு மட்டும் விற்ற பெவெக்ஸ் கடைகளில் வெளிநாட்டுச் சாக்லேட்டும் ஜீன்ஸும் மட்டுமல்ல, ஏற்றுமதிக்கென்று உள்நாட்டில் டப்பாவில் அடைத்த பன்றிக்கறியும் இருந்தது.

ரேஷன் 1981 ஏப்ரலில் வந்தது. சுரங்கத் தொழிலாளிக்கு மற்றவர்களைவிட மிக அதிகம். பிறகு வெண்ணெய், மாவு, அரிசி, சோப்புத்தூள், சிகரெட், வோட்கா என்று பட்டியல் நீண்டது. குடிக்காதவர் வோட்கா கூப்பனைக் கொடுத்துக் காப்பி வாங்கினார். புகைக்காத பாட்டியம்மாள் திடீரென்று அக்கம்பக்கத்தில் மதிப்புக்குரியவர் ஆனார். கடையில் கூப்பனைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கூப்பன் என்பது வாங்கும் உரிமை மட்டும்தான், கறி வந்தால்தானே வெட்டுவதற்கு? கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த ஆண்டுகளின் புகைப்படங்களில் அலமாரி முழுக்க வினிகர் புட்டிகள் மட்டும் அணிவகுத்து நிற்கும்.

வரிசைக்கு என்று ஒரு சட்டம் தானாக உருவானது. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மேசை நாற்காலி போன்றவற்றுக்கு வரிசை ஒருநாளில் முடியாது, வாரக்கணக்கில் நீளும். அத்தனை நாள் யார் நிற்பது? வரிசையில் இருப்பவர்களே ஒரு குழு அமைத்து, நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதி எண் கொடுத்தார்கள். குறித்த நேரத்தில், சில சமயம் நடு இரவில், பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் பெயர் அடிபடும். காவலர் கிடையாது, முத்திரை கிடையாது, ஆனாலும் அந்த நோட்டுக்கு இருந்த மரியாதை அரசாணைக்கு இல்லை. அதே கடைக்கு எதிர்க்கட்சி மாதிரி இரண்டாவது பட்டியல் ஒன்று முளைத்து, எது செல்லும் என்று கடை திறக்கும் நேரத்தில் அடிதடி வரை போனதும் உண்டு. கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்பதால், குழந்தைகள் இரவல் போயின. ஓய்வூதியக்காரர்கள் கூலிக்கு நின்றார்கள். வேலைக்குப் போகிறவருக்கு நேரமில்லை, இவர்களுக்குப் பணமில்லை, கணக்கு நேரானது.

என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே வரிசையில் சேர்ந்துகொண்டு, பிறகு முன்னால் நிற்பவரிடம் விசாரிப்பது வழக்கம். எப்போது எது வரும் என்று தெரியாததால், சட்டைப்பையில் ஒரு வலைப்பை எப்போதும் மடங்கிக் கிடக்கும். கழிவறைத் தாள் கிடைத்தவர் சுருள்களைக் கயிற்றில் கோத்து மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள், எங்கே கிடைத்தது என்றுதான் கேட்பார்கள். அந்தக் காலத்து நகைச்சுவைத் துணுக்கு ஒன்று: கடைக்குள் வந்தவர், “இறைச்சி இல்லையா?” என்கிறார். “இங்கே இல்லாதது மீன். இறைச்சி இல்லாத கடை எதிர்ப்பக்கம்.” இயக்குநர் ஸ்தானிஸ்லாவ் பரேயா ‘மிஷ்’ என்ற படத்தில், மலிவு உணவகத்தின் மேசையில் கிண்ணங்களைத் திருகாணி போட்டு முடுக்கி, கரண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் காட்டினார். மிகைதான். ஆனால் போலந்தில் இன்றும் அந்தக் காட்சியைச் சொன்னால் வயதானவர்கள் வசனத்தை முடித்து வைப்பார்கள்.

கடை கைவிட்டபோது படிக்கட்டு ஏறி வந்தவள் கன்றுக்கறிக்காரி. தலையில் முக்காடும் இரண்டு கையிலும் கனத்த பைகளுமாகக் கிராமத்திலிருந்து ரயிலேறி வந்து, அடுக்குமாடி வீடுகளில் வாடிக்கைக் கதவுகளைத் தட்டுவாள். அது சட்டவிரோதம். நிலத்தை விவசாயியிடமே விட்டுவைத்த அரசால் இவளை மட்டும் தடுத்துவிட முடியுமா என்ன?

1981 ஜூலையில், ரேஷன் அளவைக் குறைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. மாத இறுதியில் வூச்சின் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் ஆயிரக்கணக்கான பெண்கள் குழந்தைகளோடு, தள்ளுவண்டிகளோடு ஊர்வலம் போனார்கள். பத்தாண்டுக்கு முன் விலையை இறக்க வைத்த அதே ஊர். அந்த டிசம்பர் 13 அன்று, அப்போது ஆட்சியில் இருந்த ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். அடுத்த பிப்ரவரி முதல் தேதி உணவு விலைகள் பல மடங்கு ஏறின. சாலிடாரிட்டித் தலைவர்கள் சிறையிலும் முகாமிலும் இருந்தார்கள், தெருவில் கவச வண்டிகள் நின்றன. ஆக, பதினோரு ஆண்டுகளாக ஏற்ற முடியாத விலையை டாங்கியை நிறுத்தித்தான் ஏற்ற முடிந்தது. அதற்குப் பிறகும் வரிசை கலையவில்லை. அச்சடித்த பணம் விலையைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருந்தது.

இறைச்சி ரேஷன் ஒழிந்தது 1989 ஆகஸ்ட் முதல் தேதி. ஒழித்தது சாலிடாரிட்டி அரசு அல்ல, ஜூனில் தேர்தலில் தோற்று வெளியேறக் காத்திருந்த கம்யூனிஸ்ட் அரசு. உணவு விலைகளைச் சந்தையிடம் விட்டுவிட்டு, வந்த வசைகளைப் பின்னால் வந்தவர்களுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனது. 1990 ஜனவரியில் நிதியமைச்சர் பல்செரோவிச்சின் சீர்திருத்தம் தொடங்கியது. அந்த ஆண்டின் பணவீக்கம் 580 சதவீதத்துக்கும் மேல். சில வாரங்களிலேயே வார்சா நடைபாதைகளில் மடக்குக் கட்டில்களை விரித்து அதன்மேல் வாழைப்பழமும் பாலாடைக்கட்டியும் வெட்டிய கறியும் விற்றார்கள். கறி இருந்தது, வரிசை இல்லை. ஆனால் வூச்சின் நெசவாலைகள் ஒவ்வொன்றாக மூடின. பழைய போராளியும் அப்போதைய தொழிலாளர் நல அமைச்சருமான யாசெக் குரோன் தெருவில் நின்று ஏழைகளுக்குச் சூப் ஊற்றினார். நேரத்தைக் கொடுத்துக் கறி வாங்கிய காலத்தில் ஓய்வூதியக்காரரிடம் கொடுக்க ஏதோ இருந்தது. அவரிடம் இருந்த அந்த ஒரே நாணயம் புதிய கடையில் செல்லவில்லை. இதைச் சொன்னால் பழைய ஆட்சிக்கு ஏங்குவதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வூச் பெண்களுக்கு அந்த ஆட்சியிடம் ஏங்குவதற்கு எதுவும் இருக்கவில்லை, ஆனால் அது போனதிலும் அவர்கள் பங்கு கைக்கு வரவில்லை.

2011-ல் போலந்தின் தேசிய நினைவு நிறுவனம் இந்த வரிசையைப் பலகை விளையாட்டாக வெளியிட்டது. குடும்பத்து ஆள்களைக் கடை கடையாக நிறுத்தி, பட்டியலில் உள்ளதை முதலில் வாங்குபவர் வெற்றி. கைக்குழந்தைக்காரி அட்டை வைத்திருந்தால் முன்னே போகலாம். விற்பனைக்கு வந்தபோது அந்த விளையாட்டு வாங்கவே கடை வாசலில் வரிசை நின்றது. 2016-ல் ரஷ்யாவில் அது தடைக்கு ஆளாகி அலமாரியிலிருந்து இறங்கியது.

வீட்டு வரிசை மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. பிள்ளை பிறந்ததுமே பெற்றோர் வங்கியில் குடியிருப்புச் சேமிப்புப் புத்தகம் தொடங்கி, கூட்டுறவுச் சங்க வீட்டுக்காகப் பத்து, இருபது ஆண்டு காத்திருந்த காலம் அது. சேர்ந்த தொகையை 1989, 90-ன் பணவீக்கம் தின்றுவிட்டது. 1990 அக்டோபருக்குள் தொடங்கிய புத்தகங்களுக்கு ஈட்டுத்தொகை தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. வீடு வாங்கினாலோ கட்டினாலோதான் அந்தத் தொகை கிடைக்கும் என்று முதலில் விதி. பிறகு தளர்த்தினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய அன்றைய பிள்ளைகள் இப்போது அந்தப் புத்தகத்தைக் காட்டி ஜன்னல் மாற்றிக்கொள்கிறார்கள்.