கொறங்காட்டில் சைட்: அன்றும் இன்றும்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் மழை குறைவு, மண்ணும் சரளை. வெள்ளாமைக்கு ஆகாத பூமியை அன்று கொறங்காடு என்ற மேய்ச்சல் காடாக விட்டார்கள். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காட்டை மூன்று நான்காகத் தடுத்திருப்பார்கள். ஒரு பாகம் மேய்ந்து முடிந்ததும் படலைத் திறந்து மாடுகளை அடுத்ததற்கு ஓட்டினால், முதல் பாகத்தில் புல் மறுபடி தலையெடுக்கும். கோடையில் புல் காய்ந்துபோனால் வெள்வேலங்காய் தீனியாகும். அதைத் தின்ற ஆடுகளே புழுக்கையோடு விதையைத் தூவிவிடும். காங்கேயம் மாடு உருவான மேய்ச்சல் பூமி இது.

பட்டா ஒருவர் பேரில்தான். பண்டம்பாடி இல்லாத பட்டாதாரர் ஆட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விடுவார். வேலியில் கௌதாரியும் கீரியும் அடையும். புல் மூடிய தரை மழைநீரை உள்ளே இறக்கும். இதற்கெல்லாம் யாரும் விலை கேட்டதில்லை.

இன்று அந்த விலையை மனை வியாபாரி நிர்ணயிக்கிறார். பாகப்பிரிவினை, மேய்க்க ஆளின்மை, கல்யாணச் செலவு என்று ஏதோ ஒரு நெருக்கடியில் காடு கைமாறுகிறது. ஜேசிபி முதலில் பிடுங்குவது வேலியைத்தான். பிறகு அளவுக்கல், தார்ச்சாலை, நுழைவு வளைவு. வீடே எழும்பாத சைட்டுகளில் சீமைக்கருவேலம் ஏறுகிறது. வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதை அடைபட்டால் பக்கத்துக் காட்டுக்காரரின் மாடுகளுக்கும் வழியில்லை; அடுத்து அவரும் விற்கிறார்.

கோவை மலையடிவாரத்தில், மலையிடப் பட்டியலில் உள்ள ஊர்களில் மனை பிரிக்கத் தனி இசைவு வேண்டும். தனியார் காடுகளைக் காக்க 1949 முதலே சட்டம் இருக்கிறது. கொறங்காடோ வருவாய்க் கணக்கில் வெறும் புஞ்சை; அதற்கு இப்படித் தனிக் காப்பு இல்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் காங்கேயம் காளை தமிழ்நாடெங்கும் பேசப்பட்டது. அது மேயும் காடு பேச்சில் வரவில்லை.

உடையவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேய்ச்சல் குத்தகை வருமானம் சைட் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. கொறங்காட்டைத் தனி வகையாகக் கணக்கில் ஏற்றி, வேலியும் மரமும் நிற்கும் வரை ஏக்கருக்கு ஆண்டுதோறும் அரசு ஒரு தொகை கொடுக்கட்டும். ஊர் முழுக்க அனுபவிக்கும் நன்மைக்கு ஒரு குடும்பம் மட்டும் நட்டப்பட வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல.