பறவையின் வாலில் ஒரு செடியின் நிறம்

அமெரிக்காவின் வடகிழக்கில், மே மாதம் பிறந்தால் சாலையோரங்களிலும் காட்டோரங்களிலும் ஹனிசக்கிள் புதர்கள் பூத்துக் குலுங்கும். தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இரண்டு இனங்கள் அங்கே கலந்து வளர்கின்றன. ஒன்று, சைபீரியாவையும் மத்திய ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட டார்டாரியன் ஹனிசக்கிள். மற்றது ஜப்பானின் மாரோ ஹனிசக்கிள். 1850களில் தளபதி பெரியின் கப்பற்பயணத்தில் ஜப்பானுக்குச் சென்ற ஜேம்ஸ் மாரோவின் பெயர்தான் பின்னதற்கு வைக்கப்பட்டது. இரண்டுமே தோட்ட அழகுக்காக வந்து, வேலி தாண்டிக் காடேறியவை.

இலையின் அடிப்பக்கத்தைத் தடவினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். டார்டாரியன் இலை வழுவழுவென்றிருக்கும். மாரோ இலையில் பூனைமுடி தட்டுப்படும். டார்டாரியன் பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ மலர்ந்து, மஞ்சளாகாமலே உதிரும். மாரோ பூ வெள்ளையாக மலர்ந்து, முதிர முதிர மஞ்சளாகும். ஒரே கிளையில் இரு நிறங்களையும் பார்க்கலாம். தண்டை ஒடித்தால் இரண்டிலும் நடுவே துளைதான். அந்த மண்ணுக்கே உரிய ஹனிசக்கிள் புதர்களிலோ அவ்விடத்தில் வெள்ளைச் சோறு நிறைந்திருக்கும்.

இவ்விரண்டும் கலந்து பிறந்த கலப்பினமும் உண்டு. அதன் பூ ஒரு பெற்றோரைப் போல இளஞ்சிவப்பாக விரியும், மற்றதைப் போல மஞ்சளாகி முதிரும்.

பெரிய வியப்பு பழத்தில் இருக்கிறது. சீடர் வாக்ஸ்விங் என்ற பறவையின் வால் நுனி வழக்கமாக மஞ்சளாக இருக்கும். 1960களிலிருந்து வடகிழக்கில் சில பறவைகளுக்கு அது ஆரஞ்சு நிறமாகத் தென்படத் தொடங்கியது. இறகை ஆராய்ந்தபோது ரோடோசாந்தின் என்ற சிவப்பு நிறமி கிடைத்தது. அது மாரோ ஹனிசக்கிள் பழத்திலிருந்து வந்தது. இவ்வகை நிறமிகளைப் பறவையின் உடல் தானாக உண்டாக்காது, உணவிலிருந்தே பெறும். பழுக்கும் காலத்தில் இறகு முளைத்தால் நிறமி அதில் படிந்துவிடும். அந்த இறகு உதிரும்வரை நிறம் மாறாது.

மஞ்சள் இறகு கொண்ட ஃபிளிக்கர் மரங்கொத்திகள் சிலவற்றில் சிவப்பு இறகுகள் தெரிந்ததற்கு, மேற்கிலுள்ள சிவப்பு இறகு ஃபிளிக்கர்களோடு நிகழ்ந்த கலப்பே காரணம் என நெடுங்காலம் நம்பினார்கள். அவற்றின் இறகிலும் இதே நிறமி இருப்பதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. பறவையின் நிறத்துக்கு அதன் பரம்பரையில் மட்டும் விடை தேடினால் போதாது. அது மேயும் புதர் எந்த இனம் என்றும் பார்த்தாக வேண்டும்.