திட்டு மாற்று சிகிச்சை: செல் யாருடையது என்று கேளுங்கள்

‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு, இனி இன்சுலின் வேண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தால், எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். உடம்புக்குள் செலுத்தப்போகும் செல் யாருடையது? ஆபத்தும் பலனும் சட்டமும் அந்தப் பதிலைப் பொறுத்தே மாறும்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களான திட்டுகள் நூற்றில் ஓரிரு பங்குதான். நொதி செலுத்தி, எஃகுக் கலனில் போட்டுக் குலுக்கிக் குலுக்கித்தான் அவற்றைப் பிரித்தெடுக்க முடியும். பிறகு கல்லீரலுக்குள் செல்லும் ரத்தக்குழாய் வழியே நோயாளிக்குச் செலுத்துவார்கள். கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷாப்பிரோ குழு 2000இல் வெளியிட்ட முடிவில் ஏழு நோயாளிகளும் இன்சுலின் ஊசியை விட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு பேரின் கணையம் தேவைப்பட்டது. அதே மையத்தில் பின்னர் சிகிச்சை பெற்றவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ஐந்து ஆண்டுகள் முடிவில் ஊசியே இல்லாமல் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். ஆனாலும் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழும் ஆபத்து பலருக்குத் தணிந்தது. என்னைக் கேட்டால் உண்மையான பலன் அதுதான்.

பெரும்பாலும் திட்டுகள் வருவது மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே உறுப்பை எடுப்பதால் அதுவரை திட்டுகளுக்கு ஆக்சிஜன் தட்டுப்பாடு வருவதில்லை. இதயம் நின்ற பிறகு எடுத்தால், அந்தச் சில நிமிடங்களிலேயே சேதம் தொடங்கிவிடும். பிரித்தெடுக்கக் கிடைப்பதும் குறையலாம். கொடையாளர் எப்படிப்பட்டவர் என்பதிலும் முரண் இருக்கிறது. இளைஞரின் திட்டுகள் நன்றாக வேலை செய்யும், ஆனால் சுற்றியுள்ள திசுவை விட்டு லேசில் பிரியாது. பருமனானவரிடம் நிறையக் கிடைக்கும், ஆனால் அவருக்கே சர்க்கரை நோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும்.

உயிரோடு இருப்பவரும் கணையத்தில் ஒரு பகுதியைத் தரலாம். 2005இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு தாய் தம் கணையத்தில் ஏறக்குறைய பாதியை மகளுக்குக் கொடுத்தார். அந்த மகளின் நோய்க்குக் காரணம் நாள்பட்ட கணைய அழற்சி. இப்படிக் கொடுப்பவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை; பின்னாளில் அவரே சர்க்கரை நோயாளி ஆகவும் கூடும். அம்மா கொடுக்கிறேன் என்றாலும் இதை அவரிடம் தனியாக உட்காரவைத்து விளக்கிச் சொல்ல வேண்டும்.

தன் திட்டுகளையே திரும்பப் பெறுபவர்களும் உண்டு. தாங்க முடியாத வலியால் கணையத்தை அகற்றும்போது அதிலிருந்து திட்டுகளை மீட்டு அவருக்கே செலுத்துவார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1977இல் தொடங்கிய முறை இது. அடுத்தவர் செல் இல்லை என்பதால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை தேவையில்லை. மற்றவரின் திட்டுகளைப் பெற்றவர் அவை வேலை செய்யும் காலம் முழுவதும் அந்த மாத்திரையை விட முடியாது. தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, புற்றுநோய் அபாயம் எல்லாம் கூடவே வரும்.

ஆய்வகத்தில் வளர்த்த ஸ்டெம் செல் திட்டுகள்தான் இப்போது பேச்சு. 2025இல் வெளியான ஆய்வில் முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் தேவைப்படவில்லை. அவர்களும் அந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டவர்கள்தான். அதே ஆய்வில் ஒருவர் பூஞ்சைத் தொற்றால் வந்த மூளையுறை அழற்சியில் இறந்தார்.

நம் நாட்டில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறை. சர்க்கரை நோய்க்கு ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே தரலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல். ஆய்வு என்றால் பதிவு எண் இருக்கும், நெறிமுறைக் குழு இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்கும். ஆய்வால் பாதிப்பு வந்தால் 2019 விதிகளின்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம். பணம் கட்டி ஏமாந்தவர்கள் மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் தரலாம், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ரசீதையும் விளம்பரத்தையும் அழித்துவிடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.