உஷார்! விதி மாறிவிட்டது, கணிப்பு மாறவில்லை

ஐ.பி.எல். சீசனில் ஒரு மாலை சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். டீக்கடை வாசலில் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளில் பலர் மேட்சைப் பார்ப்பதைவிட, மேட்ச் எப்படி முடியும் என்று போன் சொல்வதைத்தான் பார்க்கிறார்கள். எடுக்கப்போகும் ரன் இவ்வளவு, ஜெயிக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேடிக்கையாகப் பார்த்தால் தப்பில்லை. அந்த எண்ணை நம்பிப் பணம் கட்டத் தொடங்கினால் ஆபத்து. ‘ஏ.ஐ. கணிப்பு, தப்பவே தப்பாது’ என்று டெலிகிராமில் வலை விரிப்பவர்கள் இந்த நம்பிக்கையைத்தான் குறிவைக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு வருங்காலம் தெரியாது. நடந்து முடிந்த ஆட்டங்கள் மட்டுமே தெரியும். 10 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 90 என்று நின்ற அணிகள் முன்பெல்லாம் எவ்வளவில் முடித்தன என்று பார்த்து, இன்றைக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்கிறது. ஆட்டத்தின் விதி மாறாதவரை இந்தக் கணக்கு ஓரளவு நிற்கும். விதி மாறினால், ரயில் நேரம் மாறிய பிறகும் பழைய அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடுகிற கதைதான்.

ஐ.பி.எல்.லில் அது கண்ணெதிரே நடந்தது. 2023-இல் ‘இம்பாக்ட் பிளேயர்’ விதி வந்தது. ஆட்டத்தின் நடுவில் ஒருவரை வெளியே அனுப்பிவிட்டு, புதிய ஆளை இறக்கலாம். அவர் பேட்டும் செய்யலாம், பந்தும் வீசலாம். 2022 சீசனில் ஓர் அணி 200 ரன்னோ அதற்கு மேலோ எடுத்தது 18 முறை. 2023-இல் அது 37. 2024-இல் 41. மூன்று சீசனிலும் அட்டவணையில் இருந்த ஆட்டங்கள் 74தான். 2013-இல் பெங்களூரு எடுத்த 263 ரன் 11 ஆண்டுகள் அசையாத சாதனையாக இருந்தது. 2024 மார்ச் 27-இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 277 எடுத்து அதை உடைத்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15-இல் அதே அணி 287 எடுத்தது. துரத்திய பெங்களூருவும் 262 எடுத்துத் தோற்றது.

எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விதிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். தட்டையான ஆடுகளங்களும், முதல் பந்திலிருந்தே அடிக்கும் ஆட்ட முறையும் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனால் கணிப்பின் அடிமடியிலேயே கைவைத்தது இந்த விதி. 12 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 85 என்று ஓர் அணி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணக்குப்படி இன்னும் ஓரிரு விக்கெட் போனால் பவுலர்கள் பேட்டோடு வர வேண்டும். எனவே ஆடுகிறவர்கள் அடக்கி ஆடுவார்கள். இப்போதோ எட்டாவது இடத்திலும் முழு பேட்ஸ்மேன் காத்திருக்கிறார். அந்தத் தைரியத்தில் இவர்கள் ஓங்கி அடிக்கிறார்கள். ஒரு விக்கெட்டின் விலையே குறைந்துபோயிற்று. எதிரணிக்கும் ஒரு முழு நேர பவுலர் கூடுதலாகக் கிடைக்கிறார். பழைய ஆட்டங்களைப் படித்த கம்ப்யூட்டருக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியாது என்றும் அது சொல்லாது. அதே தெளிவோடு ஓர் எண்ணைக் காட்டும்.

மாற்றம் இதோடு நிற்கவில்லை. 2023 முதல் டாஸ் போட்ட பிறகு ஆடும் 11 பேரை அறிவிக்கலாம். 2024-இல் ஓர் ஓவருக்கு இரண்டு பவுன்சர் வந்தது. 2025-இல் பந்தில் எச்சில் தடவ மீண்டும் அனுமதி கிடைத்தது. இரவு ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் 10 ஓவர் முடிந்த பின் பனியைச் சமாளிக்கப் பந்தை மாற்றிக்கொள்ளவும் வழி வந்தது. ஒரு நாள் போட்டியில் 2025 ஜூலை முதல் 35-ஆவது ஓவரிலிருந்து ஒரே பந்துதான். நம் தமிழ்நாடு பிரீமியர் லீகிலும் (டி.என்.பி.எல்.) 2023-இல் இம்பாக்ட் பிளேயரும், நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் டி.ஆர்.எஸ்.ஸும் ஒன்றாக வந்தன. ஒரு சீசனுக்கு முப்பது சொச்சம் ஆட்டங்களே நடக்கும் அந்தத் தொடரில், புது விதியைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளவே சில ஆண்டுகள் பிடிக்கும்.

‘அப்படியானால் இனி எல்லாம் பெரிய ஸ்கோர்தான்’ என்று தாவுவதும் ஆபத்து. 287 எடுத்த அதே ஹைதராபாத், அதே சீசனில், 2024 மே 26 அன்று நம் சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் 113-க்குச் சுருண்டது. இரண்டு வாரத்தில், இம்பாக்ட் பிளேயர் இல்லாத டி20 உலகக் கோப்பையில், நியூயார்க் ஆடுகளத்தில் இந்தியா 119-க்கு ஆட்டமிழந்தது. அந்த 119-ஐ வைத்தே பாகிஸ்தானை 6 ரன்னில் வென்றது. ஐ.பி.எல். ரன் மழையைப் படித்துவிட்டு அங்கே போன எந்தக் கணிப்பு இதைச் சொல்லியிருக்கும்?

மழை வந்தால் இலக்கு சொல்லும் டக்வொர்த் லூயிஸ் முறையும் கணிப்புதான். 1997-இல் வந்த அந்த முறையை, 2014-இல் பொறுப்பேற்ற ஸ்டீவன் ஸ்டெர்ன் ரன் குவிப்பு ஆட்டங்களுக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது. நிபுணர்கள் போட்ட கணக்குக்கே பழுது பார்ப்பது அவசியம் என்றால், ஊர் பேர் தெரியாத ஆப் எம்மாத்திரம்?

ஆகவே, திரையில் எண் வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆண்டு ஆட்டங்களை வைத்து இது சொல்லப்படுகிறது? இன்றைய விதி அதில் சேர்ந்திருக்கிறதா? ஒரே எண்ணைச் சொல்கிறதா, ‘இதிலிருந்து இதுவரை’ என்று வரம்பு சொல்கிறதா? பதில் இல்லையென்றால் நம்பாதீர்கள்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்து இன்ஜினியரிங் மாணவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. ஸ்கோர் கணிப்பு புராஜெக்ட் செய்யும்போது 2008 முதல் உள்ள எல்லா ஆட்டங்களையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்தே சோதனைக்கும் எடுக்காதீர்கள். வருங்கால ஆட்டங்களைப் பார்த்துவிட்டுப் பழையதைச் சொல்வதுபோல ஆகிவிடும். மதிப்பெண் அழகாக வரும், அடுத்த சீசனில் கவிழும். 2022 வரை பயிற்சி கொடுத்து, 2023-இல் சோதித்துப் பாருங்கள். விதி மாற்றம் எவ்வளவு அடிக்கிறது என்று அங்கே தெரியும்.

பணம் கட்டச் சொல்பவர்களின் தந்திரம் இன்னும் கொடியது. பாதிப் பேருக்கு ஓர் அணி ஜெயிக்கும் என்றும், மீதிப் பேருக்கு மற்ற அணி என்றும் அனுப்பினால், யாரோ பாதிப் பேருக்குக் கணிப்பு பலித்தே தீரும். அவர்களிடம்தான் அடுத்த நாள் காசு கேட்பார்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்துவிட்டது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் உங்களிடம் பணம் கேட்டு வருபவர் யாராக இருப்பார் என்று யோசியுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை திடீரென்று கடன் கேட்டால், மேட்ச் முடிந்ததும் முகம் இருண்டால், திட்டாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மனம் உடைந்திருந்தால் 14416 அல்லது 104-ஐ அழைக்கலாம். தம்பிகளே, தங்கைகளே, ஆட்டத்தை ஆசை தீரப் பாருங்கள், கணிப்பையும் பேசிச் சிரியுங்கள். ஆனால் ஒரு ரூபாய்கூட அதன்மேல் கட்டாதீர்கள்.