கதையும் கிளைக்கதையும் கணினி விளையாட்டும்

ஒரு நல்ல கதை முடிந்த பிறகும் நம்மை விடுவதில்லை. 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கதைகள் பிறக்கின்றன. இன்று நாவல்களிலிருந்தும் திரைப்படங்களிலிருந்தும் கணினி விளையாட்டுகள் கிளைத்து வருகின்றன. மூலக்கதைக்கும் அவற்றிற்கும் உள்ள உறவு யாது? சற்றே ஆராய்வோம்.

கிளைக்கதை நமக்குப் புதியதன்று. வியாச பாரதத்தில் அல்லி என்றொரு அரசி இல்லை. ஆயினும் நம் மக்கள் மதுரையை ஆண்ட அல்லியைப் படைத்து, அர்ச்சுனனோடு இணைத்து, 'அல்லி அரசாணி மாலை' பாடினர். பவளக்கொடியும் அவ்வாறு வந்தவளே. அவள் கதை நாடகமாகி, 1934-இல் தியாகராஜ பாகவதர் நடித்த திரைப்படமும் ஆயிற்று. மூலம் சொல்லாமல் விட்ட இடத்தில் கிளை தளிர்த்தது.

கதை விளையாட்டாவதும் நமக்குப் பழக்கமே. வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் பாம்பு கடித்துக் காய் இறங்கும்போதெல்லாம், அந்தப் பாம்புக்குரிய அரக்கன் செய்த பிழை என்ன என்று கதை சொல்வார். இதே ஆட்டம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்றது. நாளடைவில் கதைகள் உதிர்ந்தன. பாம்பும் ஏணியுமே எஞ்சின.

கணினி விளையாட்டுகளிலும் இவ்விரு போக்குகளையும் காண்கிறோம். 1982-இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' திரைப்படம் வெளிவந்தது. ஒரு சிறுவனுக்கும் வேற்றுலக உயிருக்கும் இடையிலான அன்பே அதன் உயிர். அதே ஆண்டு அட்டாரி நிறுவனம் ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் அதை விளையாட்டாக்கியது. ஆடியவர்கள் கண்டதோ, குழியில் விழுவதும் எழுவதுமே! விற்காத பிரதிகள் அமெரிக்கப் பாலைவனத்தில் புதைக்கப்பட்டன; 2014-இல் அவற்றைத் தோண்டியும் எடுத்தனர்.

போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கியின் 'விட்ச்சர்' கதைகளிலிருந்து 2007-இல் வந்த விளையாட்டு வேறு வழி சென்றது. நாவல்கள் முடிந்த இடத்திற்குப் பின்னர் அது தன் கதையைத் தொடங்கியது. ஆடுபவர் எடுக்கும் முடிவின் விளைவு நெடுநேரம் கழித்தே தெரியவரும். நல்லது எது என்று தயங்க வைத்த மூலநூலின் இயல்பை அது காத்துக்கொண்டது.

நம் நாட்டில் 2017-இல் 'பாகுபலி' கைப்பேசி விளையாட்டாக வந்தது. மகிழ்மதி நகரைக் கட்டிப் படை திரட்டிக் காலகேயரை எதிர்க்க வேண்டும். பள்ளி நாளில் மாமாவின் கைப்பேசியில் நானும் ஆடினேன். அருகிலிருந்த அப்பத்தா, "எதுக்கப்பா இந்தச் சண்டை? யாரு என்ன தப்புச் செஞ்சா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அரியணைக்கு உரியவர் யார், சிவகாமியின் தீர்ப்புச் சரிதானா என்னும் வினாக்கள் படத்தில் இருந்தன. என் விரல்நுனிக்கு அவை வந்து சேரவில்லை.

காரணம் எளிது. கதையில் நாம் காண்கிறோம். விளையாட்டில் நாம் செய்கிறோம். போர்க்களத்தில் அர்ச்சுனன் வில்லைக் கீழே வைத்த கணம் பாரதத்தின் உயரிய கணமன்றோ! விளையாட்டில் வில்லை வைத்தால் ஆட்டமே நின்றுபோகும். ஆகவே ஊரையும் உடையையும் ஆயுதத்தையும் விளையாட்டு எளிதில் எடுத்துக்கொள்கிறது. தயக்கத்தையும் அறத்தையும் எடுத்துக்கொள்வதே கடினம். நிகழ்ச்சிகளை மாற்றுவது குற்றமன்று. அல்லியைப் படைத்தவர்களும் மாற்றினார்கள். மூலத்தின் கேள்வியை இழப்பதே குறை.

நம் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பைக் கண்டு வியந்து, அப்படியே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. வளவுக்குள் நுழைந்தவர்க்கே அந்த வீட்டின் வாழ்வு தெரியும். நண்பர்களே, விளையாட்டு ஒரு முகப்பு. ஆடுங்கள், ஆடி முடித்தபின் மூலக்கதையையும் தேடிப் படியுங்கள். கணினி பயின்று நாளை விளையாட்டுகள் படைக்கப் போகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்பத்தா கேட்ட கேள்விக்கு அவர்களுடைய ஆட்டத்தில் ஓர் இடம் இருக்கட்டும்.