விராலுக்கு ஒரு ரப்பர் தவளை

பெங்களூரில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தால் பாதி அட்டைப் பெட்டிகளில் ஒரே மீன்தான் வாயைப் பிளந்துகொண்டு துள்ளும். பச்சை முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, தலையில் பாதிக்கு வாய். அமெரிக்காவின் 'லார்ஜ்மவுத் பாஸ்' அது. பேத்தமங்கலா ஏரியில் அது கிடையாது, ராமசாகரத்திலும் கிடையாது. ஆனாலும் அந்த மீனுக்காகச் செய்த பொய் இரைகளில் ஒரு வகை, கோலார் பக்கத்து ஏரிகளுக்கென்றே செய்ததைப் போலப் பொருந்துகிறது. மற்றதில் பெரும்பகுதி இங்கே காசுக்குப் பிடித்த கேடு. எது பொருந்தும், ஏன் பொருந்தும் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து போகிறவர் பையில் பாதிப் பணத்தோடு திரும்பலாம்.

பாஸ் மீனுக்கு அமெரிக்காவில் ஏன் இத்தனை மவுசு? வெட்டவெளியில் துரத்திப் பிடிக்கும் மீன் அல்ல அது; கட்டை, செடி, பாறை இடுக்கு என்று மறைந்திருந்து அருகில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். பசி இல்லாவிட்டாலும் சீண்டினால் கடிக்கும். அதனால் உயிர் இரையே தேவையில்லை, நகர்கிற எதையாவது சரியான இடத்தில் இழுத்தால் போதும். மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெடன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மரத்தில் தவளை செதுக்கி முள் மாட்டினார். அதுவே பிறகு ஒரு கம்பெனியானது. பின்லாந்தில் லவ்ரி ராபாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய தாளை மேலே ஒட்டி, பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசி, அடிபட்ட மீன்போலத் தள்ளாடி நீந்தும் ஒரு பொம்மை மீன் செய்தார். 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற விவசாயி பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் அதற்கு ஈடான ஒன்று சிக்கும்வரை அந்தச் சாதனையைத் தொட ஆளில்லை. இப்படியொரு மீனைப் பிடிக்கும் ஆசையில்தான் பொய் இரைத் தொழிலே வளர்ந்தது. ஒரு மீனுக்கு ஆயிரம் வகை பொம்மை இருக்கிறதென்றால், அதில் பல மீனைப் பிடிப்பதற்கு முன் மனிதனைப் பிடிக்கச் செய்தவை.

நம் ஏரியில் அதே குணத்தோடு இருக்கும் மீன் விரால். அதன் தம்பி கொரவை. விராலும் மறைந்திருந்து பாயும் சாதிதான். ஆனால் பாஸ் போக முடியாத இடத்துக்கும் போகும். செவுள் மட்டும் உள்ள மீனுக்கு நீரில் கரைந்த ஆக்ஸிஜன் வேண்டும். கோடையில் சூடேறிய, பாசி அழுகிய குட்டையில் அது கிடைக்காது. விராலுக்குத் தலைக்குள், செவுளுக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை இழுத்து அதில் நிரப்பிக்கொள்ளும். மேலே வர விடாமல் வலையில் அழுத்தி வைத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். சந்தையில் ஒரு சாண் தண்ணீர் உள்ள அண்டாவில் நாள் முழுக்க உயிரோடு கிடப்பதும் இதனால்தான். ஆகவே ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் மூலையோ, அல்லி இலைக்கு அடியோ, தண்ணீர் ஏறியபோது முங்கிய சீமைக்கருவேலத்தின் முள்வேலியோ அதற்கு வீடு. கரையில் பத்து நிமிடம் சும்மா நின்றால், செடிக்கு நடுவே 'பொளக்' என்று ஒரு சத்தமும் குமிழியும் வரும். காற்று குடிக்க வந்த விரால் அது. தூண்டிலை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை இந்த நிற்பதுதான். கடையில் இதை யாரும் விற்பதில்லை.

இனி சாமான். பலரும் ராடில் தொடங்கி, ரீல், நரம்பு, கடைசியில் மிச்சக் காசுக்கு இரை என்று வாங்குகிறார்கள். விராலுக்கு இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். செடி எப்படியோ அப்படி இரை. இரை எப்படியோ அப்படி நரம்பு. இரண்டையும் தாங்குகிற மாதிரி ராடு.

செடிமேல் இழுக்க ஏற்றது உள்ளே வெற்றான ரப்பர் தவளை. மென்மையான உடம்பு, பின்னால் கால்களுக்குப் பதில் இரண்டு ரப்பர் இழைகள் அல்லது சின்னச் சுழல்தகடு. வயிற்றிலிருந்து புறப்படும் இரட்டை முள் மேல்நோக்கி வளைந்து, முதுகின் இரு பக்கத்தையும் ஒட்டிக்கொண்டு படுத்திருக்கும். முள் நுனி ரப்பரின் மறைவில் இருப்பதால் ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் எதிலும் மாட்டாது. விரால் கவ்வும்போது வெற்று உடம்பு நசுங்கும், முள் வெளியே வரும். இவ்வளவுதான் சூட்சுமம். ஆகவே கடையில் தவளையின் கண்ணையும் நிறத்தையும் பார்ப்பதை விட்டுவிட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதும் முள் தலைகாட்டவேண்டும். கெட்டியாக இருந்தால் வைத்துவிடுங்கள், எத்தனை அழகாக இருந்தாலும் சரி. முள் தடித்ததாக இருக்கவேண்டும். விராலின் தாடை எலும்பு கெட்டி, மெல்லிய முள் அதில் நிமிர்ந்துவிடும். எடை எட்டிலிருந்து பதினைந்து கிராமுக்குள். அதற்குக் குறைந்தால் காற்றில் தூரம் போகாது.

நிறத்துக்கு ஒரே யோசனை. விரால் கீழேயிருந்து வானத்தைப் பார்த்தபடி தவளையைப் பார்க்கிறது. அதன் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் நிழலுருவம்தான். கலங்கிய ஏரியில் கறுப்பு போதும். பளிச்சென்ற மஞ்சளோ வெள்ளையோ வாங்கினால் அது உங்களுக்காக, தூரத்தில் எங்கே கிடக்கிறது என்று தெரிவதற்காக. அதுவும் தப்பில்லை.

செடி இல்லாத திறந்த நீரில் தவளையை விட உலோகக் கரண்டி நல்லது. பழைய ஆட்களின் சாமான் அது. ஒரு தகடு, ஒரு முள், ஆடி ஆடி மின்னும். செடி கொஞ்சம் விட்டு விட்டு இருந்தால் மென்மையான ரப்பர் மீனை, முள் நுனியை அதன் உடம்புக்குள்ளேயே புதைத்து மாட்டி இழுக்கலாம். மூன்று கிளை முள் தொங்கும் அழகழகான பொம்மை மீன்களைக் கருவேல முள் உள்ள ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் வீச்சிலேயே காணிக்கை.

நரம்புக்கு வருவோம். ஊரில் தங்கூசி என்று சொல்லும் நைலான் நரம்பு மண்புழு மாட்டி ஜிலேபி பிடிக்கப் போதும். தவளைக்கு ஆகாது. நைலான் இழுத்தால் நீளும். இருபது முப்பது மீட்டர் தூரத்தில் மீன் கவ்வியபின் நீங்கள் சுண்டுகிற வேகமெல்லாம் நரம்பு நீள்வதிலேயே கரைந்துபோய், கெட்டித் தாடையில் முள் ஏறாது. பின்னல் நரம்பு வேண்டும். சாம்பியன் ரீப்ஸ்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிய இரும்புக் கயிறு எப்படி மெல்லிய கம்பிகள் பல சேர்ந்ததோ, அப்படி மெல்லிய பாலிஎத்திலீன் இழைகள் நான்கோ எட்டோ சேர்ந்தது இந்த நரம்பு. ஏறக்குறைய நீளவே நீளாது, நீரில் மிதக்கும், செடித்தண்டை அறுத்துக்கொண்டு வரும். 40 முதல் 50 பவுண்டு தாங்குவது சரி. மீன் அவ்வளவு எடை இருக்காது; மீனோடு சேர்ந்து வரும் ஒரு கூடை ஆகாயத்தாமரைக்காக அந்தப் பலம். பின்னல் நரம்பு வழுக்கும் என்பதால் முடிச்சில் கவனம் வேண்டும். நரம்பை மடித்து இரட்டையாக வளையத்தில் நுழைத்து, முடிச்சிட்டு, அந்தக் கண்ணிக்குள் தவளையையே நுழைத்து இறுக்கும் பலோமர் முடிச்சு எளிது, நழுவாது. இறுக்குவதற்கு முன் எச்சில் தடவி ஈரமாக்குங்கள்.

ராடு ஆறரை அடியிலிருந்து ஏழு அடி. அதன் மேல் 'மீடியம் ஹெவி' அல்லது 'ஹெவி' என்று எழுதியிருக்கும். நுனி தவளையை வீசும் அளவுக்கு வளையவேண்டும், கீழ்ப்பாதி மீனைச் செடியிலிருந்து பிடுங்கும் அளவுக்கு விறைப்பாக இருக்கவேண்டும். பாஸுக்கு ஒரு படி மெல்லியதே போதும். விரால் இன்னும் அடர்ந்த செடியில் கிடப்பதால் ஒரு படி தடித்தது. ஒற்றைத் துண்டு ராடுதான் உசத்தி என்று நிபுணர்கள் சொல்வார்கள். அவர்கள் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் ஏறிப் பார்த்ததில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபின் தங்கவயலில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பே அந்த ரயிலில்தான். நிற்க இடமில்லாத பெட்டியில் ஏழடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சாம்பியன் ரீப்ஸ் வரை வருவது வம்பு. இரண்டு துண்டு ராடு வாங்குங்கள். நல்ல பூட்டு உள்ளதாக இருந்தால் மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

ரீலில் இரண்டு வகை. தொங்கும் ஸ்பின்னிங் ரீலை யாரும் ஒரு மணி நேரத்தில் பழகிவிடலாம். 3000 அல்லது 4000 அளவு போதும். மேலே உட்காரும் பெய்ட்காஸ்டர் குறி பார்த்து எறிவதற்குப் பிரமாதம். ஆனால் உருளை வேகமாகச் சுழலும்போது கட்டைவிரலால் தடுக்கத் தெரியாவிட்டால் நரம்பு சிக்குப் பிடித்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பிரிப்பதிலேயே போய்விடும். முதல் வருஷம் ஸ்பின்னிங். எதுவானாலும் டிராகை, அதாவது நரம்பு விடும் இறுக்கத்தை, ஏறக்குறைய முழுசாக இறுக்கி வையுங்கள். விராலுக்கு ஓட இடம் கொடுத்தால் அது நேரே கருவேல வேருக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

தவளையைச் செடிக்கு அப்பால் எறிந்து, நிறுத்தி நிறுத்தி இழுக்கவேண்டும். விரால் அடிக்கும்போது தண்ணீர் வெடிக்கும், உடனே கை தானாகச் சுண்டும். தோல்வியெல்லாம் அங்கேதான். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகே ஓங்கிச் சுண்டவேண்டும். வாய்க்குள் தவளை திரும்பி மடங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

இந்த விஷயத்தில் நம் ஊருக்கு நீண்ட பழக்கம் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார்; 1887இல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொன்று. அவருக்கு முன்பும் பின்பும் மூங்கில் கம்பில் உயிர்த்தவளையை மாட்டி விரால் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பழக்கத்தைத் தொடரவேண்டாம். நம் பெரிய தவளை 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. தவளைக்கால் ஏற்றுமதியையே நாடு 1987இல் நிறுத்திவிட்டது. ரப்பர் தவளை அந்த வேலையைச் செய்யும்.

வேடிக்கையான இன்னொரு கணக்கும் உண்டு. விரால் குடும்பத்தைச் சேர்ந்த ஆசிய மீன் ஒன்று 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் கிராப்டன் என்ற ஊர்க் குட்டையில் பெருகி, பேப்பரில் பெரிய கலவரமானது; குட்டைக்கே மருந்து ஊற்றி அதைக் கொன்றார்கள். பிறகு பொட்டோமக் ஆற்றிலும் அது வந்துவிட்டது. நம் பெரிய புள்ளி விராலுக்கு நெருங்கிய சொந்தம் ஒன்று தென் புளோரிடாவின் கால்வாய்களில் குடியேறியிருக்கிறது. அங்கே பாஸ் பிடிக்க வந்தவர்கள் இப்போது அதே தவளையை விராலுக்கு வீசுகிறார்கள்.

மழைக்காலத்தில் செடிக்கு இடையே செம்பு நிறத்தில் குஞ்சுக்கூட்டம் ஒன்று மேலே வந்து வந்து போவதைப் பார்க்கலாம். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அதன்மேல் தவளையை இழுத்தால் நிச்சயம் அடிக்கும், பசிக்காக அல்ல, கோபத்தில். இது திறமை அல்ல என்பது என் கட்சி. காவல் போனால் கெண்டையும் கெளுத்தியும் சில நாளில் அத்தனை குஞ்சையும் தீர்த்துவிடும். அடுத்த வருஷம் அதே கரையில் நின்று ஏரியில் மீனே இல்லை என்பார்கள்.

கடைசியாக இடம். தங்கவயலுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பாலாற்றுத் தண்ணீரைக் குடிநீராகத் தந்த பேத்தமங்கலாவானாலும், வேறு ஏரியானாலும், மீன் உரிமை யாரிடம் குத்தகையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். கேட்காமல் இறங்கினால் ராடு போகும். 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகள் பலவற்றுக்கு வருகிறது. அந்த ஏரிகளில் பிடித்துப் பார்த்து விட்டுவிடலாம், குழம்பு வைப்பதற்கு யோசிக்கவேண்டும். சாம்பியன் ரீப்ஸைச் சுற்றியுள்ள சயனைடு மேடுகளின் அடியில் மழைக்குத் தேங்கும் குட்டைகளில் தூண்டிலே போடாதீர்கள். ஆலை அரைத்துத் தள்ளிய மண்ணிலிருந்து கசியும் தண்ணீர் அது, அங்கே மீன் சிக்கினாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. விடுகிற மீனுக்கு முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்கித் தட்டையாக்கி வைத்தால் கழற்றுவது ஒரு நொடி. நீளக் குறடு ஒன்று பையில் இருக்கட்டும். விராலின் வாய்க்குள் விரலை விட்டால் பல் பதம் பார்த்துவிடும்.